முறைப்பாடு வந்தால்தான் சம்பவம்

குற்றம் செய்கிறவனுக்கு வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதைப் பதிவு செய்கிறவளுக்குத்தான் அது முழுநேர உத்தியோகம்.

அந்த உத்தியோகத்தில் இருப்பவள் நான். ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், மழைக்கும் பொறியியல் மாணவர்களுக்கும் குறைவில்லாத ஒரு நகரத்துப் பல்கலைக்கழகத்தில், பாதுகாப்புப் பிரிவின் முன்மேசை என்னுடையது. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் தரவுப் பாதுகாப்பு அதிகாரி என் மேசைக்கு வருவார். அவர் வந்தால் என் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும். வளாகத்தில் ஏதாவது களவு போனால், யாராவது யாரையாவது மிரட்டினால், என்னிடம் வந்து முறைப்பாடு செய்ய வேண்டும். மற்றவர்களுக்கும் ஆபத்து என்று பட்டால் நான் ஒரு பாதுகாப்பு அறிவித்தல் எழுதுவேன். என் மேலதிகாரி ஹெர் கிராமர் அதிலுள்ள உபயோகமான சொற்களையெல்லாம் வெட்டுவார். மிச்சம் இருப்பது எல்லா மாணவருக்கும் ஊழியருக்கும் மின்னஞ்சலில் போகும். அதைத் திறக்காமலே அழிப்பவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். வெட்கப்பட வேண்டாம், ஹெர் கிராமரும் அப்படித்தான்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. தன் பிறந்தநாளுக்குத் தானே கேக் சுட்டுக் கொண்டுவந்து எல்லோருக்கும் வெட்டித் தருவார். ஆனால் வேலை என்று வந்தால் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான்: முறைப்பாடு இல்லையென்றால் சம்பவம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரார் கோபத்தையும் மேலதிகாரியின் சட்டத்தையும் ஒன்றாக வாங்கிக்கொள்ளும் அன்பர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது விளங்காது.

பேராசிரியரின் சைக்கிள்

ஒரு பேராசிரியர், தன் சைக்கிள் போய்விட்டது என்று மூச்சு வாங்க ஓடிவந்தார். மின்கலத்தில் ஓடுகிற சைக்கிள். என் காரைவிட நல்ல நிலையில் இருந்தது. முறைப்பாடு முறைப்படி வந்தது, இடமும் வளாகத்துக்குள். ஹெர் கிராமருக்கு இதைவிட என்ன வேண்டும்? கள்ளர் நடமாட்டம் என்று உடனே அறிவித்தல் போனது. பின்னேரம் பேராசிரியர் திரும்பி வந்தார். இந்த முறை ஓடவில்லை. காலையில் பாண் வாங்கப் பேக்கரியில் இறங்கியவர், ஏதோ ஒரு சமன்பாட்டை யோசித்தபடி, பாணும் கையுமாக நடந்தே வேலைக்கு வந்திருக்கிறார். சைக்கிள் பேக்கரி வாசலில் பூட்டியபடியே நின்றிருக்கிறது.

அறிவித்தலைத் திரும்பப் பெறச் சொன்னார். எங்களிடம் அனுப்புவதற்கு முறை உண்டு, திரும்பப் பெறுவதற்கு இல்லை. ஆகவே திருத்த அறிவித்தல் ஒன்று எழுதினேன்: காலையில் அறிவிக்கப்பட்ட களவு நடைபெறவில்லை, சைக்கிள் பேக்கரி வாசலில் பத்திரமாக உள்ளது. அதை வாசித்த பேராசிரியரின் காது சிவந்துவிட்டது. "பேக்கரியை எடுத்துவிடுங்கள். நான் எங்கே பாண் வாங்குகிறேன் என்பது என்னுடைய தனிப்பட்ட தரவு."

குடை தேடி வந்தவள்

கார்த்திகை மாதத்து இருட்டு தொடங்கியிருந்த நேரம். ஒரு பெண் வந்து, குடை ஒன்று தொலைந்துவிட்டது என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள். தொலைந்த பொருட்கள் இருக்கும் பெட்டியைத் திறந்து காட்டினேன். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, என் மேசையிலிருந்த பெயர்ப் பலகையைப் பார்த்தாள். "அக்கா, நீங்க தமிழா?" என்றாள். திருச்சிப் பக்கத்துப் பெண், பெயர் அபிநயா. உலோகவியலில் முதுகலை படிக்கிறாள். குடை இல்லை என்று தெரிந்த பிறகும் போகவில்லை. அடுத்த வாரமும் குடை தேடி வந்தாள். அதற்கடுத்த வாரமும். வெளியே நல்ல வெயில்.

"என்ன பிள்ளை, குடை மட்டும்தான் பிரச்சினையோ?" என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். அவளுடைய ஆய்வுகூடத்திலிருந்து பஸ் தரிப்பிடத்துக்குப் போகும் ஒற்றைப் பாதையில் விளக்கு எரிவதில்லை. அங்கே சாம்பல் தொப்பி போட்ட ஒருவன் மரத்தடியில் நிற்கிறான். தனியாகப் போகும் பெண்களுக்குப் பின்னால் நடக்கிறான். அவளுக்குப் பின்னாலும் நடந்திருக்கிறான். ஒரு முறை பையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவளுடைய ஆய்வுக்கு உலையை மூட்டினால் மாலை முழுவதும் கூடவே இருக்க வேண்டும். இவளோ இருட்டுவதற்கு முன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று உலையைப் பாதியில் அணைத்துவிட்டு ஓடுகிறாள். ஆய்வு நகரவில்லை. இந்த செமஸ்டருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பட்டம் இல்லை, பட்டம் இல்லாவிட்டால் விசாவும் இல்லை.

பேனாவை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் அப்பாவின் ஞாபகம் வந்தது. எங்கள் அகதி வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில், வீட்டு நிலவறையை யாரோ உடைத்துச் சாமான்களைக் கொண்டுபோனபோது, அப்பா ஒருவருக்கும் சொல்லாமல் புதுப் பூட்டு வாங்கிப் போட்டார். பொலிஸ் பேப்பரில் பெயர் வந்தால் நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். பயத்துக்குக் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையதாக இருந்தால் என்ன? அபிநயா கெஞ்சினாள்: "எழுதாதீங்கக்கா. போலீஸ் கேஸ்னு வந்தா விசா எக்ஸ்டென்ஷன்ல பிரச்னை ஆயிடும். அப்பாவுக்குத் தெரிஞ்சா, படிச்சது போதும், கிளம்பி வான்னுடுவார்."

சின்னம்மாவின் பார்சல்

பீலெஃபெல்டில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு ஜெர்மன் கடைகளின் மாவில் நம்பிக்கை இல்லை. தானே இடித்து, அரித்து, வறுத்து அனுப்புவார். எங்கள் வீட்டில் பகலில் ஆள் இல்லாததால் அந்த முறை வேலைத்தலத்துக்கு அனுப்பியிருக்கிறார். தன் பெயரை எழுதவில்லை. யார் அனுப்பியது என்று எனக்குத் தெரியும்தானே என்பது அவர் வாதம். என் பெயரையும் பாதிதான் எழுதியிருந்தார். பார்சல் வழிதவறி வேதியியல் கட்டடத்துத் தபால் அறைக்குப் போய், அங்கே ஒரு மூலை கிழிந்து, வெள்ளைத் தூள் கொட்டியது.

கட்டடத்தைக் காலி செய்தார்கள். தீயணைப்பு வீரர்கள் மஞ்சள் உடுப்போடு உள்ளே போனார்கள். இனம் தெரியாத தூள் என்று நானே அறிவித்தல் எழுதி அனுப்பினேன். பிறகு ஒரு வீரர் பொதியின் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். பழைய கலண்டர் தாளில் சுற்றி, சின்னம்மாவின் நைலோன் சேலைக் கரையால் கட்டிய பொதி. எனக்கு வியர்த்துவிட்டது. உண்மையைச் சொன்னேன். சொன்னபிறகும் விடவில்லை, பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். ஹெர் கிராமர் இரண்டு நாள் என்னோடு வானிலை தவிர வேறொன்றும் பேசவில்லை. மாலையில் சின்னம்மாவுக்கு ஃபோன் எடுத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். தீயணைப்பு, மஞ்சள் உடுப்பு, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவங்கள் மாவை வைச்சு என்ன செய்யப் போறாங்கள்? கெதியாய்த் திருப்பித் தரச் சொல்லு பிள்ளை, புழு பிடிச்சிடும்."

சந்தேகத்துக்கிடமான நபர்

நிர்வாகக் கட்டடத்து இரண்டாம் மாடியிலிருந்து ஒரு பெண் ஊழியர் ஃபோன் எடுத்தார். தெற்கு நாட்டுத் தோற்றமுள்ள, அதாவது வெள்ளைக்காரர் அல்லாத, ஆண் ஒருவர், கறுப்பு ஜக்கெற், பெரிய பை, கீழே முன்னும் பின்னும் நடக்கிறார், ஜன்னல்களை அண்ணாந்து பார்க்கிறார். பெயர் சொல்லி, முறைப்படி முறைப்பாடு செய்தார். ஹெர் கிராமர் ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை. தேநீர் ஆறுவதற்குள் அறிவித்தல் போய்விட்டது.

அதன் பிறகுதான் எழுந்து ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். என் கணவர். தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு, என்னை ஏற்றிப்போக நேரத்தோடு வந்து, குளிருக்கு நடந்துகொண்டிருக்கிறார். ஒன்றுமே செய்யாமல் நின்ற மனிதனுக்கு ஒரு முழு அறிவித்தல். பெண்களின் பின்னால் போகிறவனுக்கு ஒரு வரிகூட இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது, ஆத்திரம்தான் கூட. காரில் ஏறியதும் அறிவித்தலை அவருக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசித்தார். "ஜக்கெற் கறுப்பில்லை, கடும் நீலம். வாங்கித் தந்தது நீர்தானே, உமக்குமே தெரியேல்லை?"

மரம் யாருடையது

அபிநயாவின் பெயரைச் சொல்லாமல் விளக்கையாவது போடவைக்கலாம் என்று நினைத்தேன். நகரசபைக்கு ஃபோன் எடுத்தேன். விளக்குக் கம்பம் தங்களுடையது, கம்பத்துக்கு வரும் மின்கம்பி பல்கலைக்கழகத்துடையது என்றார்கள். எங்கள் தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்டேன். கம்பி எங்களுடையதுதான், ஆனால் பல்பு நகரசபையுடையது என்றார்கள். பாதை எங்களுடையது. அந்தத் தொப்பிக்காரன் நிற்கும் மரம் நகரசபையுடையது. மரத்தின் நிழல் எங்களுடைய பக்கம் விழுகிறது.

பின்னேரம் வேலை முடிந்து நானே இரண்டு முறை அபிநயாவோடு அந்தப் பாதையால் நடந்தேன். துணைக்கு ஆள் இருந்தால் அவன் வருவதில்லை. ஆகவே நானும் கண்ணால் கண்ட சாட்சி இல்லை. கேள்விப்பட்டதை முறைப்பாடாக ஏற்க முடியாது என்று ஹெர் கிராமர் மிகவும் வருத்தத்தோடுதான் சொன்னார். மறுபடியும் நகரசபைக்கு ஃபோன் எடுத்து, பெண்கள் பயப்படுகிறார்கள் என்று சொன்னேன். அந்த அதிகாரி குரலை மென்மையாக்கிக்கொண்டார். "அப்படியானால், அந்த நபர் எல்லைக்கு எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்று முதலில் உறுதிப்படுத்துங்கள்."

எங்களைவிட நல்ல அலுவலகம்

ஒருநாள் அபிநயா தன் ஃபோனை எனக்குக் காட்டினாள். ஆய்வுகூடத்துப் பெண்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு. இந்தியா, ஈரான், சீனா, இரண்டு ஜெர்மன் பெண்களும் உண்டு. "தொப்பி மரத்தடியில் நிற்கிறான், பின்வாசலால் வாங்க, கதவடியில் மூன்று பேர் காத்திருக்கிறோம்." இடம், அடையாளம், என்ன செய்ய வேண்டும், யார் துணை, எல்லாம் ஒரே வரியில் இருந்தது. ஹெர் கிராமர் என் அறிவித்தல்களில் வெட்டுகிற எல்லாமே அதில் இருந்தது. அந்த மாரிக்காலம் முழுவதும் வேலை செய்த பாதுகாப்புப் பிரிவு அதுதான், சம்பளம் மட்டும் எனக்கு வந்தது.

பெயர்களைச் சொல்லாமல், இப்படி ஒரு குழு இருக்கிறது, இத்தனை பேர் பயந்து நடக்கிறார்கள் என்று ஹெர் கிராமரிடம் போய்ச் சொன்னேன். முதல் தடவையாக அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. எனக்கும் நம்பிக்கை வந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "அந்தக் குழுவில் அந்த நபரின் படம் போட்டிருக்கிறார்களா? அப்படியென்றால் அது பாரதூரமான தரவுப் பாதுகாப்பு மீறல்."

குடைக் களவு

வருட முடிவில் ஹெர் கிராமர் பதிவுகளையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தார். குடை தொலைந்தது என்று வந்தவர்கள் வழக்கத்தைவிட அதிகம், எல்லோரும் பெண்கள், எல்லோரும் ஆய்வுகூடப் பக்கம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அபிநயா மட்டும் இல்லை. ஒவ்வொருத்தியும் ஒரு குடையைச் சாக்காக வைத்துக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்த்து, நான் ஜெர்மன் மொழியில் "மன்னிக்கவும், இங்கே இல்லை" என்று சொன்னதும் திரும்பிப் போயிருக்கிறாள். அவர்களுக்குக் குடை தொலையவில்லை என்று அவரிடம் சொன்னேன். பின்னே ஏன் வந்தார்கள் என்று கேட்டார். பயத்தில் வந்திருக்கிறார்கள் என்றேன். பயம் என்று எந்தப் பதிவிலும் இல்லை என்றார். அவருடைய திரையில் இருந்தது குடைதான். அறிவித்தலை அவரே எழுதினார், எனக்கு வாசித்தும் காட்டினார்: "ஆய்வுகூடப் பகுதியில் குடைக் களவு அதிகரித்துள்ளது. உங்கள் குடையைக் கவனிப்பின்றி விடாதீர்கள்."

ஹெர் கிராமரின் கணுக்கால்

தை மாதத்தில் அபிநயாவின் பேராசிரியர், இப்படியே போனால் இந்த செமஸ்டரில் ஆய்வேட்டை ஏற்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் குடையைப் பற்றிப் பேசவில்லை. என் மேசைக்கு முன்னால் நின்று அழுதாள். நான் நேரே ஹெர் கிராமரிடம் போய், எல்லை எங்கே என்று நீங்களே வந்து அளந்துவிடுங்கள், இனி நான் எவருக்கும் ஃபோன் எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அளப்பது என்றால் அவருக்கும் விருப்பம்தான். அளவுநாடாவோடு புறப்பட்டார்.

பொழுது பட்டிருந்தது. பாதை இருட்டாக இருப்பது பார்ப்பவரைப் பொறுத்தது என்று சொல்லிக்கொண்டே நாடாவை இழுத்தபடி பின்னால் நடந்தார். மரத்து வேரடியில் ஒரு குழி இருந்தது. அது நகரசபையின் குழியா, எங்களுடைய குழியா என்று தெரிவதற்கு முன் அதில் கால் வைத்துவிட்டார். கணுக்கால் முறிந்தது. அம்புலன்ஸுக்கு நான்தான் ஃபோன் எடுத்தேன்.

வேலை நேரத்தில் ஊழியருக்கு விபத்து! மறுநாள் காலையில் விபத்துக் காப்புறுதிக்காரர் வந்தார், தொழிற்பாதுகாப்பு அதிகாரி வந்தார், நகரசபையிலிருந்தும் வந்தார்கள். கம்பியும் பல்பும் எப்படியோ உறவாகிவிட்டன. அந்த வாரமே குழியை மூடி, கிளைகளை வெட்டி, பழைய விளக்கு நின்ற இடத்திலும் அதற்கு அப்பாலும் புது விளக்குகள் போட்டார்கள். தொப்பிக்காரனை அங்கே காணவில்லை. அபிநயா உலையை முழுதாக எரியவிட்டாள். ஊன்றுகோலோடு திரும்பி வந்த ஹெர் கிராமர் வெளிச்சத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டார். "பார்த்தீர்களா, எதையும் முறையாகப் பதிவு செய்தால் நடக்கும்."

முதல் பெயர்

அவன் போனது வெகுதூரம் இல்லை. நூலகத்துக்குப் பின்னாலுள்ள பாதையில் இன்னும் விளக்கு இல்லை. முதல் செமஸ்டர் மாணவி ஒருத்தி அங்கிருந்து அழுதபடி ஓடிவந்தாள் என்று குழுவில் செய்தி வந்திருக்கிறது. மறுநாள் காலை மேசையைத் திறக்கும்போதே அபிநயா வந்துவிட்டாள். கூடவே அந்த மாணவி. அவர்களுக்குப் பின்னால் கதவுவரை பெண்கள் நின்றார்கள். பல முகங்கள் எனக்குத் தெரிந்தவை, குடை தேடி வந்தவை.

"எழுதுங்கக்கா. என் பேரை முதல்ல போடுங்க" என்றாள் அபிநயா.

அவளுடைய வேலை முடிந்துவிட்டது. பாதையில் வெளிச்சம், ஆய்வேடு முடியும் தறுவாயில். பேசாமல் இருந்திருக்கலாம். அதைவிட அந்த வியாழக்கிழமைதான் அவளுக்கு விசா டேர்மின், விசாவை நீட்டிக்க அலுவலகம் கொடுத்த நாள். "டேர்மின் முடியட்டுமே பிள்ளை, பிறகு எழுதுவம்" என்றேன். தலையை ஆட்டி மறுத்தாள். அப்பா? நேற்றே சொல்லிவிட்டாளாம். "கிளம்பி வந்துடுன்னு சொல்லப்போறார்னு பயந்துட்டே சொன்னேன்க்கா. அவர் 'அங்க லைட் போட்டாங்களா?'ன்னு மட்டும் கேட்டார்." ஒரு மாரி முழுக்க நாங்கள் சுற்றிச் சுற்றி வந்த கேள்வியை, இந்த நாட்டைப் பார்த்தேயிராத ஒரு மனிதர் முதல் மூச்சிலேயே கேட்டுவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன்.

அன்றைக்கே அறிவித்தல் போனது. என் கணவருடைய அறிவித்தலுக்குப் பிறகு, ஒரு சொல்லும் வெட்டப்படாமல் போனது அதுதான். பெண்கள் எடுத்திருந்த படத்தை வைத்துப் பொலிஸ் அவனைப் பிடித்தது. இப்போது வழக்கு நடக்கிறது. விசா அலுவலகத்தில் அந்த முறைப்பாட்டைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அபிநயா ஆய்வேட்டையும் கொடுத்துவிட்டாள். ஆனால் நான் மறக்காமல் வைத்திருப்பது அந்தக் காலையைத்தான். ஊன்றுகோலோடு வந்த ஹெர் கிராமர், கதவுவரை நின்ற பெண்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். இத்தனை பேர் இருந்தும் ஏன் ஒருவர்கூட முன்பே எங்களிடம் வரவில்லை என்று, உண்மையிலேயே மனம் நொந்து கேட்டார். அபிநயா அவரை நேராகப் பார்த்து, திருத்தமான ஜெர்மன் மொழியில் பதில் சொன்னாள்: "வந்துகொண்டுதான் இருந்தோம், ஹெர் கிராமர். குடையைத் தேடி."

இத்தனை பெண்கள் பயந்து நடந்த அந்தப் பாதையில் இன்று நல்ல வெளிச்சம்; அது வந்த காரணம் என்று எங்கள் கோப்பில் எழுதியிருப்பது ஹெர் கிராமரின் கணுக்கால்.